எச்.ஆர். யாருக்காக வேலை செய்கிறது?

வேலை போன பிறகுதான் பெரும்பாலான பிள்ளைகள் எங்களைத் தேடி வருகிறார்கள். ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டையையும் லேப்டாப்பையும் ஒப்படைத்துவிட்டு, ஓ.எம்.ஆர். பக்கமோ ஸ்ரீபெரும்புதூரிலோ எடுத்த வாடகை அறையை எப்போது காலி செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவர் எங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுக்கிறார். வந்து உட்கார்ந்ததும் அவர்கள் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "எச்.ஆர்.கிட்ட சொன்னேன் தோழர். அவங்க நல்லாத்தான் பேசுனாங்க."

நல்லாத்தான் பேசியிருப்பார்கள். அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொல்லியிருப்பார்கள், தண்ணீர் கொடுத்திருப்பார்கள், "எதுவா இருந்தாலும் ஓப்பனா பேசலாம்" என்றிருப்பார்கள். தாசில்தார் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் நின்றுகொண்டே பேசிப் பழகிய குடும்பத்திலிருந்து வரும் ஒரு பிள்ளைக்கு, நாற்காலி கொடுத்துக் காது கொடுத்துக் கேட்கிற அதிகாரி என்பதே பெரிய விஷயம். அந்த மரியாதையை அவர்கள் நீதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். மனதில் இருந்ததையெல்லாம் வாயால் கொட்டிவிட்டு, எழுத்தில் ஒரு வரியும் இல்லாமல் எழுந்து வருகிறார்கள்.

எச்.ஆர். தொழிலாளிக்கா, நிறுவனத்துக்கா என்று எங்கள் கூட்டங்களில் மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நிறுவனத்துக்குத்தான். சம்பளம் கொடுப்பது நிறுவனம், பதவி உயர்வு கொடுப்பது நிறுவனம், வழக்கு வந்தால் அவர்கள் சாட்சி சொல்லப்போவது நிறுவனத்தின் பக்கம். ஆனால் இதைச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டால் ஒன்றும் விளங்காது. அதே எச்.ஆர். ஒரு புகாரைப் புதைத்துவிட்டு இன்னொரு புகாரை ஒரே வாரத்தில் தீர்த்து வைக்கிறதே, எப்படி? சாதியைப் பற்றிய புகார் அந்த அறைக்குள் போனால் ஏன் சாதி இல்லாத புகாராக வெளியே வருகிறது? எங்களுக்கு முக்கியம் இவைதான்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். எச்.ஆர். என்ற பெயர் வருவதற்கு முன்பும் அந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆலைகளில் அவர் மேஸ்திரி. பம்பாயில் ஜாபர். இலங்கை, மலாயா தோட்டங்களில் கங்காணி. ஆள் பிடிப்பது, வேலை வாங்குவது, கடன் கொடுப்பது, விடுப்பு கொடுப்பது, துரையிடம் போய்ப் பேசுவது எல்லாம் அவர் கையில். தோட்டத்துக்குப் போனவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். அவர்களைப் பொறுத்தவரை கங்காணிதான் தாய் தகப்பன். சொந்த ஊர்ப்பக்கத்து ஆள், நம் பாஷை பேசுகிறவர், துரையிடம் நமக்காகப் பேசக்கூடியவர். ஆனால் அவருக்குத் தோட்டம் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காசு கொடுத்தது. வேலைக்கு வந்து நின்ற தலைக்குத்தான் காசு, நோயில் லயத்தில் படுத்துக் கிடந்த தலைக்கு இல்லை. நமக்காகப் பேசுகிறவர் எந்தக் கணக்கில் கூலி வாங்குகிறார் என்று பார்க்க வேண்டும் என்பதை நம் பாட்டன் பூட்டிகள் அப்போதே படித்துவிட்டார்கள்.

மேஸ்திரிகளின் லஞ்சமும் கடன் பிடியும் அளவு மீறிப் போனதால்தான், 1931இல் அறிக்கை கொடுத்த ராயல் கமிஷன், ஆள் எடுப்பதை அவர்களிடமிருந்து பிடுங்கித் தொழிலாளர் அலுவலர் என்று ஒருவரிடம் கொடுக்கச் சொன்னது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருந்தே தீர வேண்டும் என்றது. அவர் என்னென்ன செய்ய வேண்டும், என்ன படித்திருக்க வேண்டும் என்பதை விதிக்கும் அதிகாரத்தை மாநில அரசிடம் விட்டது. சம்பளம் மட்டும் முதலாளி கொடுக்க வேண்டும். சட்டம் சொல்வது ஒன்று, சம்பளம் வருவது ஓரிடம் என்ற இழுபறி அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது. இந்த வேலைக்கான படிப்பு தமிழ்நாட்டில் சமூகப்பணிக் கல்லூரிகளில்தான் வளர்ந்தது. இன்றும் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிற நம் பிள்ளைகள் பலர் எச்.ஆர். பிரிவை எடுப்பது அதனால்தான். தொழிலாளர் நலன் என்பது பிறகு பெர்சனல் என்று ஆனது, தாராளமயத்துக்குப் பிறகு மனிதவளம் என்று ஆனது. கனிம வளம், வன வளம், மனித வளம். வளம் என்று பெயர் வைத்துவிட்டால் அதை எடுத்துப் பயன்படுத்துவதைப் பற்றித்தான் பேச முடியும். நலன் என்ற சொல் அலுவலகப் பலகையிலிருந்து இறங்கிப்போனதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

எங்களிடம் வந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்ல வேண்டும். வட மாவட்டம் ஒன்றைச் சேர்ந்தவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே டீம் லீடர் ஊர் பெயரைக் கேட்டிருக்கிறார். ஊர் பெயர் சொன்னதும் அடுத்த கேள்வி, "ஊருக்குள்ளயா, காலனியா?" ஏழெட்டு மாதம் எதுவும் நடக்கவில்லை. முதல் அப்ரைசலில் நல்ல மதிப்பெண்தான். ஒருநாள் மதிய சாப்பாட்டு மேசையில் ஆறு பேர் இருக்கும்போது டீம் லீடர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உனக்கு என்னப்பா, படிப்பும் சலுகை, வேலையும் சலுகை." தனியார் நிறுவனத்தில் இடஒதுக்கீடே கிடையாது என்பது மேசையில் இருந்த ஆறு பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள்.

அதன்பிறகு அது வாடிக்கையானது. தம்பி எச்.ஆர்.-இடம் போனார். அந்தப் பெண்மணி முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "இங்க யாரும் ஜாதி பாக்குறதில்லப்பா, நீங்களா எதையாவது மனசுல வச்சுக்காதீங்க, நான் பேசுறேன்" என்றார். பேசவும் செய்தார். சாயங்காலத்துக்குள் டீம் லீடருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் தம்பிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இரு ஊழியர்களுக்கிடையே தகவல் பரிமாற்றத்தில் சிக்கல் இருந்ததாகவும், இருவருக்கும் ஆலோசனை வழங்கப்பட்டு விஷயம் முடித்துவைக்கப்பட்டதாகவும் அதில் இருந்தது. சாதி என்ற சொல் இல்லை. சலுகை என்ற சொல் இல்லை. காலனி இல்லை. அவமானப்படுத்தியவரும் அவமானப்பட்டவரும் 'இரு ஊழியர்கள்'. இருவருக்குமே ஆலோசனையாம்.

இரண்டு மாதம் கழித்து, வேலைத்திறனை உயர்த்திக்கொள்ளும் திட்டம் என்று ஒரு படிவத்தை நீட்டினார்கள். பி.ஐ.பி. என்று சொல்லிக்கொள்வார்களே, அது. அதற்கு இரண்டு மாதம் கழித்து ஓர் அறை. கைப்பேசியை வெளியே வைக்கச் சொன்னார்கள். எதிரே இரண்டு பேர். நீயே ராஜினாமா செய்தால் ரிலீவிங் லெட்டர் கிடைக்கும், நாங்கள் நீக்கினால் அடுத்த கம்பெனி விசாரிக்கும்போது அது தெரியும் என்றார்கள். தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று அவர்களே அடித்து வைத்திருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். எங்களிடம் வந்தபோது அவர் கையில் இருந்த எழுத்து இரண்டுதான். ஒன்று அந்தச் சொந்தக் காரணம், இன்னொன்று தகவல் பரிமாற்றச் சிக்கல். இரண்டையும் எழுதியது கம்பெனி.

அந்தப் பெண்மணி கெட்டவரா என்று தம்பியிடம் கேட்டோம். இல்லை என்றார். அவர் சொன்னதை நாங்கள் நம்புகிறோம். அவருடைய வேலை நிறுவனத்துக்கு வரக்கூடிய ஆபத்தைக் குறைப்பது. தம்பி வாயால் சொன்ன புகாரில் நிறுவனத்துக்கு ஆபத்து எதுவும் இல்லை. சாட்சி இல்லை, தேதி இல்லை, சட்டத்தின் பெயர் இல்லை, வெளியில் யாருக்கும் தெரியாது. லாபம் கொண்டுவரும் டீம் லீடரை இழப்பதுதான் அங்கிருந்த ஒரே ஆபத்து. அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். சாதியைப் பார்க்கத் தெரியாமல் சிக்கலை மட்டும் பார்க்கும் கண்ணாடி அவருக்கு அங்கே போட்டுவிடப்பட்டது.

வெளியில் நிறுத்துவதற்கும் அதே கண்ணாடிதான். 2007இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் இரண்டு ஆய்வுகள் வந்தன. இரண்டையும் எம்.எஸ்.டபிள்யூ., எம்.பி.ஏ. படிக்கிற தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் செய்தித்தாள் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி, விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. இன்னொன்று சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் செய்தது. பெருநிறுவனங்களின் எச்.ஆர். மேலாளர்கள் 25 பேரிடம் உட்கார்ந்து பேசினார்கள். தகுதி ஒன்றைத்தான் பார்க்கிறோம் என்று சொன்ன மேலாளர்கள், நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார், எந்த ஊர், வீட்டில் யார் யார் படித்தவர்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரிதான் என்பது கேட்கிறவருக்கு உறைக்கவில்லை, அல்லது உறைக்காதது போல் இருந்தார்.

நம் ஊர் எச்.ஆர்.தான் இப்படி, வெளிநாட்டில் சரியாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு சிஸ்கோ வழக்கு. வேலைவாய்ப்பில் பாகுபாட்டை விசாரிக்கும் கலிபோர்னியா மாநிலத் துறை 2020 ஜூன் 30 அன்று தொடுத்த வழக்கு அது. ஐ.ஐ.டி.யில் படித்த தலித் பொறியாளர் ஒருவரின் சாதியையும், அவர் இடஒதுக்கீட்டில் படித்ததையும், மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. அவர் 2016 நவம்பரில் எச்.ஆர்.-இடம் புகார் கொடுத்தார். சில நாட்களில் பொறுப்புகள் பறிக்கப்பட்டன. சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் அல்ல என்று நிறுவனத்தின் ஊழியர் உறவுப் பிரிவு கருதியது என்று மனுவில் இருக்கிறது. சிஸ்கோ எல்லாவற்றையும் மறுத்தது. 2023இல் இரண்டு மேலதிகாரிகள் மீதான வழக்கை மாநிலத் துறையே விலக்கிக்கொண்டு, நிறுவனத்தின் மீதானதை மட்டும் தொடர்ந்தது. தீர்ப்பு என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. நாங்கள் பார்ப்பது அந்த 'சட்டவிரோதம் அல்ல' என்ற பதிலைத்தான். நடந்ததா இல்லையா என்று கேட்பதற்கு முன்பே, நடந்தாலும் நமக்கு ஆபத்து உண்டா என்று கேட்கிற துறை அது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்ததும், அதே ஆண்டு கலிபோர்னியா சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் தடுத்து நிறுத்தியதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

சரி, அங்கே சட்டம் இல்லை. இங்கே? குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது. தீண்டாமையின் அடிப்படையில் எந்த வேலையிலும் ஒருவருக்குத் தடை ஏற்படுத்துவது அதன் 4ஆம் பிரிவின்படி குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 முதல் இருக்கிறது. ஆனால் எந்தக் கம்பெனியின் புகார்ப் படிவத்திலாவது 'சாதி' என்று ஒரு கட்டம் இருக்கிறதா, உங்கள் நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள். பாலியல் துன்புறுத்தலுக்கு இருக்கிறது. 10 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும், மூத்த பெண் ஊழியர் தலைமையில் பாதிப்பேராவது பெண்கள் வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் ஏ.சி. அறையில் பிறக்கவில்லை. ராஜஸ்தான் கிராமத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவிக்கு ஆதிக்க சாதியினர் செய்த கொடுமையிலிருந்து 1997 விசாகா தீர்ப்பு வந்தது, அதிலிருந்து சட்டம் வந்தது. அந்தக் குழுவையும் முதலாளிதான் அமைக்கிறார், அதிலும் ஆயிரம் ஓட்டை. இருந்தாலும் வெளியாள் ஒருவர் உட்கார்ந்திருப்பதும், அறிக்கை எழுதியே ஆக வேண்டும் என்பதும் சும்மா இல்லை. தனியார் துறையில் சாதிக்கு அப்படி ஒரு குழுவைச் சட்டமாகக் கேட்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. தனியார் துறை இடஒதுக்கீடு பற்றிய பேச்சு எழுந்த 2006இல் முதலாளிகள் சங்கங்கள் தாங்களாகவே கடைப்பிடிக்கும் நன்னடத்தை விதி என்று ஒன்றைக் கொண்டுவந்தன. தாங்களாகவே கடைப்பிடிப்பதன் லட்சணத்தை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

எச்.ஆர். நமக்கில்லை, தொழிற்சங்கத்துக்குப் போங்கள் என்று இடதுசாரித் தோழர்கள் உடனே சொல்வார்கள். போகத்தான் வேண்டும். ஆனால் நாம் அங்கே போன வரலாறு கொஞ்சம் வேறு. பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். நூல் அறுந்தால் நாடாவின் துளையில் வாயை வைத்து உறிஞ்சி இழுக்க வேண்டும், எச்சில் படும். அதனால் தீண்டப்படாதவர்களை அந்தப் பிரிவுக்குள் சாதி இந்துத் தொழிலாளர்களே விடவில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையில் சேருங்கள் என்று அம்பேத்கர் சங்கத் தலைவர்களிடம் கேட்டார். சேர்த்தார்கள், அரை மனதோடு. முதலாளிகளோ, இது அநீதி என்றால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். இரு ஊழியர்களுக்கிடையே சிக்கல் என்று இன்று மின்னஞ்சலில் வருவது அந்தப் பதிலின் பேரப்பிள்ளைதான். நம் சென்னையிலும் 1921இல் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒரு பக்கமும் மற்றவர்கள் மறுபக்கமும் நின்று, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. நிர்வாகம் காக்கும் என்று நம்பிய பக்கம் நம் மக்கள் இருந்தார்கள். அதனால்தான் அம்பேத்கர் 1938இல் மன்மாடில் ரயில்வே தொழிலாளர்களிடம் பேசியபோது, பார்ப்பனியமும் முதலாளித்துவமும் இரண்டுமே எதிரி என்று சேர்த்துச் சொன்னார். ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்கிறவர்களிடம் நாங்கள் இன்னும் கொஞ்சம் எட்டித்தான் நிற்கிறோம்.

இனி, எச்.ஆர். எப்போது அசைகிறது என்பதற்கு வருவோம். சென்னையில் ஓர் அலுவலக வளாகத்தில் துப்புரவு வேலை செய்யும் 11 பெண்கள், எல்லோரும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். பத்துப் பேர் நம் சமூகம். தாங்கள் கழுவுகிற கழிப்பறையைத் தாங்கள் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர் பக்கத்தில் தண்ணீர் வராத ஒன்று அவர்களுக்கு. ஒரு வருடத்தில் நாலைந்து முறை எச்.ஆர்.-இடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். "நீங்க எங்க எம்ப்ளாயி இல்லையேம்மா, கான்ட்ராக்டர்கிட்ட பேசுங்க" என்பதுதான் பதில். ஐ.டி. பிள்ளைகளுக்காவது நாற்காலியும் தண்ணீரும் உண்டு. இவர்களுக்கு எச்.ஆர். என்று ஒருவரே இல்லை.

அவர்களோடு உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். தமிழில், ஒரு பக்கம். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் குடிநீர், கழிப்பறை வசதியை ஒப்பந்தக்காரர் செய்யாவிட்டால் முதன்மை நிறுவனம் செய்தே ஆக வேண்டும் என்று அப்போது நடைமுறையிலிருந்த 1970 சட்டத்தின் பிரிவுகளைக் குறிப்பிட்டோம். எந்தத் தேதியில், எந்த மாடியில், எந்த மேற்பார்வையாளர், என்ன சொல்லித் தடுத்தார் என்பதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதினோம். 11 பேரும் கையெழுத்து, மூவர் கைநாட்டு. நிறுவனத்துக்கு ஒன்று, தொழிலாளர் துறைக்கு ஒன்று, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். ஆறாவது நாள் எச்.ஆர். மேலாளரே கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார். எல்லா மாடிக் கழிப்பறையும் திறந்தது. அதுவரை யாரும் செய்யாதபடி, ஒரு அக்காவிடம் "சாப்டீங்களா" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி அந்த அக்கா சிரித்தார். அடுத்த மாதமே ஒப்பந்தக்காரர் இரண்டு பேரை வேறு வளாகத்துக்கு மாற்றினார். மனுவில் முதல் இரண்டு கையெழுத்து அவர்களுடையது. இப்போது இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போகிறார்கள். கழிப்பறை திறந்ததை வெற்றி என்று எழுதும்போது அந்த இரண்டு பேருந்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது திண்டுக்கல். 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். அந்த ஆலையிலும் புகார்க் குழு என்று காகிதத்தில் எல்லாம் இருக்கத்தான் செய்தது. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் நின்றது. 2022இல் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும் துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் ஒப்பந்தம் போட்டது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே இன்று உலகம் முழுக்க அதைச் சொல்கிறார்கள். பாலியல் துன்புறுத்தலோடு சாதிப் பாகுபாட்டையும் அதில் எழுதி வைத்தார்கள். தையல் வரிசையிலேயே சங்கம் தேர்ந்தெடுத்த கண்காணிப்பாளர்கள். தொழிலாளி போய்ச் சொல்வது எச்.ஆர். அறைக்கு அல்ல, பக்கத்து மெஷினில் இருக்கும் பெண்ணிடம். நிறுவனம் வாக்குத் தவறினால் வாங்குகிறவர்கள் வியாபாரத்தில் கை வைப்பார்கள். அதாவது ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையே மாற்றி வைத்தார்கள். எச்.ஆர்.-ஐ அங்கே யாரும் ஒழிக்கவில்லை, அது இருக்கிறது, வேலையும் செய்கிறது.

எல்லா இடத்திலும் அப்படி ஒரு சங்கம் இல்லையே, தனியாக மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எச்.ஆர்.-இடம் போகாதீர்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். போகாவிட்டால், "எங்களிடம் சொல்லவே இல்லையே" என்று நாளைக்கு நீதிமன்றத்தில் சொல்வார்கள். போங்கள், ஆனால் மனதை இறக்கி வைக்கப் போகாதீர்கள், அதற்கு எங்களிடம் வாருங்கள். அங்கே பதிவு உண்டாக்கப் போகிறீர்கள். முதலில் மின்னஞ்சல், பிறகுதான் பேச்சு. பேசி முடித்த அன்றே, இன்று நாம் பேசியது இது என்று இன்னொரு மின்னஞ்சல். 'மனவருத்தம்' என்று எழுதாதீர்கள், சொல்லப்பட்ட சொல்லை அப்படியே எழுதுங்கள், கூச்சப்படாதீர்கள், கூச வேண்டியது சொன்னவர். யார் யார் அங்கே இருந்தார்கள் என்பதை எழுதுங்கள். வன்கொடுமைச் சட்டத்தில் அவமதிப்பு பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்பது பிரதானம். நாலு சுவருக்குள் வேறு யாரும் இல்லாமல் சொன்னதற்கு அந்தப் பிரிவு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. ஆறு பேர் இருந்த சாப்பாட்டு மேசை வேறு கதை. உங்கள் புகாரின் நகலை மட்டும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். கம்பெனியின் கோப்பு, வாடிக்கையாளர் விவரம் எதையும் தொடாதீர்கள், அதையே காரணம் காட்டி நீக்குவார்கள். 20 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில், சரிபாதி தொழிலாளர் பிரதிநிதிகளோடு குறைதீர்க் குழு இருக்க வேண்டும் என்று பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இருந்தது, 2020 தொழிலுறவுத் தொகுப்பிலும் இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் அது எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே சில இடங்களில் நாற்காலி அசைந்ததைப் பார்த்திருக்கிறோம். ஐ.டி. துறைக்கும் தொழிற்சங்கச் சட்டம் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவாக்கிவிட்டது, எச்.ஆர். சொல்வதை நம்பாதீர்கள்.

அந்த மூடிய அறையில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் கேட்க வேண்டும், நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வாருங்கள். போட்டே ஆக வேண்டி வந்தால், வெளியே வந்த அரை மணி நேரத்துக்குள், நிர்ப்பந்தித்து வாங்கினார்கள் என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். தம்பியின் கோப்பில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் சமரச அலுவலர் முன் நாங்கள் பேசுவதற்கு ஒரு நூலாவது கிடைத்திருக்கும். அவர் இப்போது வேறு ஊரில், குறைந்த சம்பளத்தில், வேலையில் இருக்கிறார்.

எச்.ஆர். படிக்கலாமா என்று கேட்கிற எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்களுக்கு எங்களிடம் ஒரே பதில் இல்லை. எங்கள் வட்டத்தில் ஒரு தங்கை இருக்கிறார், பெரிய நிறுவனம் ஒன்றில் எச்.ஆர். அங்கே யாருக்கும் அவர் சாதி தெரியாது, தெரியவிடவும் மாட்டார். புகார்க் கூட்டங்களில் குறிப்பு எழுதுவது அவர் வேலை. "நான் சாதின்னு எழுதுவேண்ணா, மேல போகும்போது அது வேற வார்த்தையாகிடும். ஆனா புகார் குடுத்தவரே எழுத்துல குடுத்திருந்தா அந்தச் சொல்லை யாராலயும் மாத்த முடியாது, லீகலுக்கு அப்படியே போகும்" என்றார். எந்தச் சொல் இருந்தால் கோப்பு சட்டப் பிரிவுக்குப் போகிறது, எது இருந்தால் மேசையிலேயே முடிகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரிகிறது. அவரை அந்த வேலையை விட்டுவிட்டு வா என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. அடுத்த மாத வாசிப்பு வட்டத்துக்கு அவர் வருகிறார், கேமரா கூடாது, பெயர் கூடாது என்ற நிபந்தனையோடு. புகார்க் கடிதம் எழுதிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு வெள்ளைத்தாளும், நடந்த சம்பவத்தின் தேதியும் கொண்டுவந்தால் போதும்.